வீட்டில் திறக்கும் லாகின் பக்கம் சர்வரில் மறுப்பது ஏன்?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும், சொந்தமாக ஓர் இணைய தளம் அமைத்துப் பார்த்தால் என்ன என்று பலருக்கும் ஆசை வருகிறது. புத்தகத்தைப் பார்த்தோ, தெரிந்தவர்களைக் கேட்டோ ஒரு லாகின் பக்கமும் தயார் செய்துவிடுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அது அழகாக வேலை செய்கிறது. யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்ததும் உள்ளே விடுகிறது. அதே பைல்களை இணையத்தில் ஏற்றியவுடன் கதை மாறிவிடுகிறது. சரியான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் மறுபடியும் லாகின் பக்கமே வந்து நிற்கிறது. அல்லது வெறும் வெள்ளைத் திரை தெரிகிறது. அல்லது ஒரு பக்கம் திறந்து, அடுத்த பக்கத்துக்குப் போனதும் "நீங்கள் யார்?" என்று கேட்கிறது.

"ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லையே!" என்றுதான் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். அது உண்மைதான். பைல் மாறவில்லை, அதைப் படித்து இயக்கும் சர்வர் மாறிவிட்டது. வீட்டு சர்வர் கண்டுகொள்ளாமல் விட்ட ஒன்றை வெளி சர்வர் பிடித்துக்கொள்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஊகத்தில் வரிகளை மாற்றிக்கொண்டே போனால் சிக்கல் பெருகும். லாகின் விஷயத்தில் தவறான வைத்தியம் வீட்டையே திறந்து போட்டுவிடும். அதைப் பின்னால் ஓர் உதாரணத்துடன் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸும் என்பதால், அவற்றை வைத்தே பார்க்கலாம். வீட்டில் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பு, வெளியே லினக்ஸ் சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பு டோக்கன்

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். செருப்பைக் கொடுத்தால் எண் போட்ட டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது அங்கே இருப்பவர் உங்கள் முகத்தை நினைவில் வைத்திருக்க மாட்டார். டோக்கனில் உள்ள எண்ணைப் பார்ப்பார், அந்த எண் உள்ள அலமாரியில் இருப்பதை எடுத்துத் தருவார்.

வெப் சர்வரும் அப்படித்தான். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கியதும் உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். இந்த மறதியைச் சமாளிக்க 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி உருவாக்கியதுதான் குக்கி. அதுதான் நம் டோக்கன். பிஎச்பியில் இதற்கு வழக்கமாக உள்ள பெயர் 'பிஎச்பிசெஸ்ஐடி'. உங்கள் பெயர் முதலிய விவரங்கள் சர்வரில் ஒரு போல்டரில் சிறு பைலாக இருக்கும். அது அலமாரி. டோக்கன், அலமாரி இரண்டும் சேர்ந்ததை செஷன் என்கிறோம்.

ஆக, லாகின் என்பது நான்கு படிகள். ஒன்று, பாஸ்வேர்ட் டேட்டாபேஸில் உள்ளதோடு பொருந்த வேண்டும். இரண்டு, சர்வர் அலமாரியில் இடம் ஒதுக்க வேண்டும். மூன்று, டோக்கன் உங்கள் பிரவுசருக்கு வந்து சேர வேண்டும். நான்கு, அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது பிரவுசர் அந்த டோக்கனைத் திரும்பக் காட்ட வேண்டும். இந்த நான்கில் எது அறுந்தாலும் திரையில் தெரிவது ஒன்றுதான்: "உள்ளே விடவில்லை." எந்தப் படி என்று பிரித்துப் பார்க்காமல் மருந்து தேடக் கூடாது.

முதலில் சர்வரைப் பேச வையுங்கள்

வீட்டில் எக்ஸாம்ப் தொகுப்பில் 'டிஸ்ப்ளே எரர்ஸ்' என்ற அமைப்பு ஆன் நிலையில் இருக்கும். தவறு நேர்ந்தால் திரையிலேயே சொல்லிவிடும். வெளி சர்வர்களில் இது பெரும்பாலும் ஆப் நிலையில் இருக்கும். பார்வையாளர்களுக்கு உள் விவரங்கள் தெரியக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. அதனால்தான் வெள்ளைத் திரை. சர்வர் புகார் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நம் காதில் விழவில்லை.

அந்தப் புகார்கள் எரர் லாக் என்ற பைலில் பதிவாகும். ஹோஸ்டிங் நிறுவனம் தரும் கண்ட்ரோல் பேனலில் 'எரர்ஸ்' அல்லது 'லாக்ஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பல சர்வர்களில் உங்கள் பைல்கள் இருக்கும் போல்டரிலேயே 'எரர் லாக்' என்ற பெயரில் ஒரு பைல் கிடக்கும். அதில் கடைசி வரிதான் புதியது. பைல் பெயர், வரி எண் இரண்டும் அதில் இருக்கும். ஒரு மணி நேர ஊகத்தைவிட அந்த ஒரு வரி மேல்.

இரண்டு சர்வருக்கும் ஒரே கேள்வி

அடுத்து, இரண்டு சர்வரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, பதில்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பிஎச்பியில் 'பிஎச்பி இன்போ' என்று ஒரு கட்டளை உண்டு. அது ஒன்றை மட்டும் ஒரு பைலில் எழுதி ஏற்றி, பிரவுசரில் திறந்தால், சர்வரின் அமைப்புகள் எல்லாம் நீண்ட அட்டவணையாக வரும். அதில் ஐந்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. பிஎச்பியின் பதிப்பு எண்.
2. அவுட்புட் பபரிங் எவ்வளவு என்பது.
3. செஷன் சேவ் பாத், அதாவது அலமாரி இருக்கும் போல்டர்.
4. செஷன் குக்கி செக்யூர் ஆன் நிலையில் உள்ளதா என்பது.
5. மைஎஸ்க்யூஎல்ஐ என்ற பகுதி இருக்கிறதா என்பது.

குறித்து முடித்ததும் அந்த பைலை சர்வரிலிருந்து உடனே அழித்துவிடுங்கள். உங்களுக்கு உதவும் அந்த விவரங்கள் திருட நினைப்பவருக்கும் உதவும்.

டோக்கன் கைக்கு வருகிறதா?

இப்போது பாஸ்வேர்ட், டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, செஷனை மட்டும் சோதிப்போம். ஒரு சிறு பைல் போதும். முதல் வரியில் செஷனைத் தொடங்குங்கள். செஷனில் ஓர் எண்ணை வையுங்கள். ஒவ்வொரு முறையும் அதோடு ஒன்றைக் கூட்டித் திரையில் காட்டச் சொல்லுங்கள். சர்வரில் ஏற்றி, பிரவுசரில் ரிப்ரெஷ் செய்யுங்கள். 1, 2, 3 என்று ஏறினால் செஷன் நன்றாக இருக்கிறது. தவறு லாகின் ஸ்கிரிப்டிலோ டேட்டாபேஸிலோ இருக்கிறது. எப்போதும் 1 என்றே நின்றால் டோக்கனில் அல்லது அலமாரியில் கோளாறு.

எது என்று அறிய, குரோம் பிரவுசரில் எப் 12 கீயை அழுத்தி, 'அப்ளிகேஷன்' என்ற பகுதியில் 'குக்கீஸ்' என்பதைப் பாருங்கள். பயர்பாக்ஸில் இது 'ஸ்டோரேஜ்' என்ற பகுதியில் இருக்கும். டோக்கன் அங்கே இல்லை என்றால், அது வந்து சேரவில்லை. இருக்கிறது, ஆனாலும் எண் ஏறவில்லை என்றால், அலமாரியைப் பாருங்கள். செஷன் சேவ் பாத் காட்டும் போல்டரே இல்லாமல் இருக்கலாம், அல்லது அதில் எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். இதை ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டால் சரிசெய்து தருவார்கள்.

டோக்கன் வராமல் போக இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. செஷன் குக்கி செக்யூர் ஆன் நிலையில் இருந்தால், எச்டிடிபிஎஸ் முகவரியில் மட்டுமே குக்கி தங்கும். 'எஸ்' இல்லாத முகவரியில் திறந்தால் பிரவுசர் அதை ஏற்காது. வீட்டில் மட்டும் எப்படி வேலை செய்தது என்றால், இப்போதுள்ள குரோம், பயர்பாக்ஸ் பிரவுசர்கள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற முகவரிக்குச் சலுகை காட்டுகின்றன. மற்றொன்று, முகவரியின் முன்னால் வரும் மூன்று டபிள்யூ. அது உள்ள முகவரியில் தந்த டோக்கனை, அது இல்லாத முகவரிக்கு பிரவுசர் வழக்கமாகக் காட்டாது. தெற்குக் கோபுர வாசலில் வாங்கிய டோக்கனை வடக்கு வாசலில் நீட்டினால் செருப்பு கிடைக்குமா? இரண்டில் ஒரு முகவரியை முடிவு செய்து, எல்லா லிங்க்குகளிலும் அதையே பயன்படுத்துங்கள்.

கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்

இனி நான் சொன்ன உதாரணம். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு, அந்தத் தெருவில் உள்ள கல்லூரி மாணவி ஒருவர் இணைய தளம் அமைத்துத் தந்தார். உறுப்பினர் பட்டியலில் பெயர், வீட்டு எண், போன் எண், யார் எப்போது ஊருக்குப் போகிறார்கள் என்ற குறிப்பு எல்லாம் இருந்தன. பட்டியலுக்கு லாகின் வைத்திருந்தார். வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக நடந்தது. சர்வரில் ஏற்றியதும் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. கமிட்டியில் ஒருவர், "அந்தச் சரிபார்க்கும் வரியையே எடுத்துவிடம்மா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யோசனை சொன்னார். அந்த நேரத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

எரர் லாகைத் திறந்தோம். "ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்" என்று வரிசையாக இருந்தது. அதன் பொருள் இதுதான். சர்வர் ஒரு பக்கத்தை அனுப்பும்போது முதலில் ஹெடர் என்ற தலைப்புப் பகுதி போக வேண்டும். குக்கி அதில்தான் போகும். "வேறு பக்கத்துக்குப் போ" என்ற உத்தரவும் அதில்தான் போகும். பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து முந்திப் போய்விட்டாலும் ஹெடரின் கதவு மூடிவிடும். அதன் பிறகு டோக்கனை அனுப்ப வழியில்லை.

முந்திப் போன எழுத்து எது? லாக் பைல் சொன்ன இடம், எல்லாப் பக்கங்களும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொது பைலின் முதல் வரி. அங்கே பிஎச்பியின் தொடக்கக் குறிக்கு முன்னால் எதுவுமே தெரியவில்லை. ஆனால் ஒன்று இருந்தது. பக்கங்களுக்குத் தமிழில் தலைப்பு வைப்பதற்காக அந்த பைலைப் பழைய விண்டோஸ் நோட்பேடில் 'யுடிஎப்-8' என்று தேர்ந்தெடுத்து சேவ் செய்திருந்தார். தமிழுக்கு அது சரியான தேர்வுதான். ஆனால் பழைய நோட்பேட் அப்படி சேவ் செய்யும்போது பைலின் தொடக்கத்தில் 'பாம்' என்ற மூன்று பைட் அடையாளத்தைச் சேர்த்துவிடும். திரையில் அது தெரியாது. சர்வர் அதையும் உள்ளடக்கம் என்று எண்ணி அனுப்பிவிடும்.

வீட்டில் ஏன் தெரியவில்லை? எக்ஸாம்ப் தொகுப்பில் அவுட்புட் பபரிங் 4096 என்று இருந்தது. அதாவது 4096 பைட் சேரும் வரை உள்ளடக்கத்தை அனுப்பாமல் சர்வர் கையில் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் ஹெடர் போய்விடும். வெளி சர்வரில் அது 0. மூன்று பைட்டும் உடனே கிளம்பிவிட்டன.

தீர்வு சுலபம். பாம் இல்லாத யுடிஎப்-8 ஆக அந்த பைலை மறுபடி சேவ் செய்தோம். நோட்பேட்++ புரோகிராமின் 'என்கோடிங்' மெனுவில் இந்த வசதி உண்டு. விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பு முதல் நோட்பேடும் பாம் இல்லாமலே சேவ் செய்கிறது. அது உள்ளதா என்று கீழே உள்ள வரியிலும் காட்டுகிறது. பைலின் கடைசியில் பிஎச்பியின் முடிவுக் குறிக்குப் பின் விழும் காலி வரிகளும் இதே தொல்லையைத் தரும். பிஎச்பி மட்டுமே உள்ள பைல்களில் முடிவுக் குறியை எழுதாமல் விட்டுவிடுங்கள். அது தேவையே இல்லை.

பின்கதவு

லாகின் சரியானதும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதைச் சரிசெய்வதற்கு முன்னால் நான் இன்னொன்றைச் செய்து பார்த்திருந்தேன். லாகின் செய்யாமல், உறுப்பினர் பட்டியல் பக்கத்தின் முகவரியை என் போனில் நேராக அடித்தேன். முழுப் பட்டியலும் வந்தது! சாவி வைத்திருப்பவர்கள் வாசலில் நிற்க, பின்கதவு ஊருக்கே திறந்து கிடந்தது.

காரணம் இதுதான். பட்டியல் பக்கத்தின் தொடக்கத்தில் "லாகின் செய்யாதவர் என்றால் லாகின் பக்கத்துக்கு அனுப்பு" என்று எழுதியிருந்தார். அந்த உத்தரவும் ஹெடரில்தான் போக வேண்டும். ஹெடரின் கதவு மூடிவிட்டதால் அது போகவில்லை. சர்வர் லாகில் ஒரு புகாரைப் பதிந்துவிட்டு, அடுத்த வரிக்குப் போய், பட்டியலைக் காட்டியது.

லாகின் பக்கத்துக்கு அனுப்பும் வரிக்கு அடுத்த வரியாக 'எக்சிட்' என்ற ஒரு சொல்லை எழுத வேண்டும். "இத்துடன் நிறுத்து" என்பது அதன் பொருள். அது இல்லாவிட்டால், ஹெடர் ஒழுங்காகப் போகும் சர்வரில்கூட பட்டியல் பின்னாலேயே அனுப்பப்படுகிறது. பிரவுசர் வேறு பக்கத்துக்குத் தாவிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். வேறு புரோகிராம் மூலம் கேட்பவருக்கு அது கிடைத்துவிடும்.

லாகின் ஸ்கிரிப்டின் வேலை இரண்டு. உரியவரை உள்ளே விடுவது, மற்றவரைத் தடுப்பது. முதல் வேலை கெட்டால் உடனே பத்துப் பேர் போன் செய்வார்கள். இரண்டாவது வேலை கெட்டால் ஒருவரும் புகார் செய்ய மாட்டார்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு அவை வேறு வேறு. பைலின் பெயரில் முதல் எழுத்து பெரியதாகவும், ஸ்கிரிப்டில் சிறியதாகவும் இருந்தால் வீட்டில் திறக்கும், சர்வரில் "பைல் இல்லை" என்று வரும். டேபிள் பெயர்களுக்கும் இதே கதைதான். விண்டோஸில் மைஎஸ்க்யூஎல் டேபிள் பெயர்களைச் சிறிய எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்ளும். அங்கிருந்து எடுத்து லினக்ஸ் சர்வரில் ஏற்றினால், பெரிய எழுத்தில் எழுதிய ஸ்கிரிப்டுக்கு டேபிள் கிடைக்காது. பைல், போல்டர், டேபிள் எல்லாவற்றுக்கும் சிறிய எழுத்திலேயே பெயர் வையுங்கள்.

சரியான பாஸ்வேர்ட், ஆனாலும் தவறு

பாஸ்வேர்டை அப்படியே டேட்டாபேஸில் வைக்கக் கூடாது. 2013-இல் வந்த பிஎச்பி 5.5 முதல் 'பாஸ்வேர்ட் ஹாஷ்' என்ற வசதி இருக்கிறது. அது வழக்கமாக பாஸ்வேர்டை 60 எழுத்துகள் கொண்ட, திருப்பிப் படிக்க முடியாத தொடராக மாற்றித் தரும். டேபிளில் அதற்கு 50 எழுத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மைஎஸ்க்யூஎல் கண்டிப்பு முறையில் இருந்தால், பதிவு செய்யும்போதே "இடம் போதாது" என்று மறுத்துவிடும். 2015-இல் வந்த 5.7 பதிப்பு முதல் இதுவே இயல்பு நிலை. கண்டிப்பு இல்லாத சர்வர் கடைசி 10 எழுத்துகளை வெட்டிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் பதிந்துகொள்ளும். பிறகு எத்தனை முறை சரியாக அடித்தாலும் பொருந்தாது. தவறு ஒன்று, இரண்டு சர்வரில் இரண்டு முகம். 255 எழுத்துக்கு இடம் விடுங்கள்.

டேட்டாபேஸின் பெயர், யூசர் நேம், பாஸ்வேர்ட் ஆகியவையும் சர்வருக்கு சர்வர் மாறும். எக்ஸாம்ப் தொகுப்பில் 'ரூட்' என்ற பெயரும் காலி பாஸ்வேர்டும் போதும். வெளியே ஹோஸ்டிங் நிறுவனம் தந்த விவரங்களை எழுத வேண்டும்.

பழைய ஸ்கிரிப்டுகள்

பழைய புத்தகங்களிலும் சிடிகளிலும் உள்ள ஸ்கிரிப்டுகளைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டும். அந்நாளில் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்ற அமைப்பு இருந்தது. படிவத்தில் அடித்தது தானாகவே ஸ்கிரிப்டின் மாறியாக வந்து உட்காரும். முகவரியின் பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, "நான் ஏற்கெனவே லாகின் செய்தவன்" என்று ஏமாற்றவும் அது இடம் கொடுத்தது. அதனால் 2002-இல் வந்த 4.2 பதிப்பிலேயே அதை ஆப் செய்தார்கள், 2012-இல் 5.4 பதிப்பில் அடியோடு நீக்கிவிட்டார்கள். மைஎஸ்க்யூஎல்லுடன் பேசும் பழைய கட்டளைகளும் 2015-இல் 7.0 பதிப்பில் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தில் மைஎஸ்க்யூஎல்ஐ அல்லது பிடிஓ இருக்கிறது. பழைய ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய பிஎச்பியைத் தேடிப் போகாதீர்கள். ஸ்கிரிப்டை மாற்றுங்கள்.

கடைசியாக ஐந்து சோதனைகள்

புதிய சர்வரில் ஏற்றியதும், ஒவ்வொரு முறையும் இவற்றைச் செய்யுங்கள்.

1. சரியான பாஸ்வேர்ட் கொடுங்கள். உள்ளே விட வேண்டும்.
2. தவறான பாஸ்வேர்ட் கொடுங்கள். மறுக்க வேண்டும்.
3. உள்ளே போன பின் நான்கைந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். மறுபடி யார் என்று கேட்கக் கூடாது.
4. லாக்அவுட் செய்துவிட்டு, உள்பக்கத்தின் முகவரியை நேராக அடியுங்கள். லாகின் பக்கம்தான் வர வேண்டும்.
5. இதுவரை அந்தத் தளத்தைத் திறக்காத வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ நான்காவது சோதனையை மறுபடி செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள். பலன் இல்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்து சோதனைகளும் தேறிய பிறகே மற்றவர்களின் பெயரையும் போன் எண்ணையும் அந்தத் தளத்தில் ஏற்றுங்கள்.